நீலக் கூடையில் ஆறு நாப்பிகள்

வீட்டில் மொத்தம் பதினெட்டு நாப்பிகள் இருந்தன. ஒருமுறை கட்டி எறிந்துவிடும் கடை டயப்பர் ஒன்றுகூட இல்லை. இரண்டாம் மாதத்தில், டயப்பர் பட்ட இடமெல்லாம் குழந்தைக்குச் சிவந்து தடித்துத் தோல் உரியத் தொடங்கியபோது, மருத்துவர் அதனை நிறுத்திவிட்டுப் பருத்தித் துணிக்கு மாறச் சொன்னார். மணமில்லாத சோப்பில் துவைக்க வேண்டும், வெந்நீரில் அலச வேண்டும், முற்றும் உலர்ந்த பின்னரே கட்ட வேண்டும் என்று சீட்டிலும் எழுதிக் கொடுத்தார். அன்று முதல் குழந்தையின் தாயான அவளுடைய நாள் மணிக்கணக்கில் நகர்வதை விட்டு நாப்பிக் கணக்கில் நகரத் தொடங்கியது.

நாப்பி என்பது ஒரு சதுரத் துணி, அவ்வளவே. அதனை மூன்றாக மடித்து, நீர் கசியாத மேலுறைக்குள் வைத்து, குழந்தையின் இடுப்பில் இருபுறமும் பொத்தான் போட வேண்டும். நனைந்ததும் உள்ளே இருக்கும் துணியை மாற்ற வேண்டும். சொல்வதற்கு எளிது. ஆனால் அது மழைக்காலம். வீடோ நான்காம் மாடியில் இரண்டே அறைகள் கொண்டது. மொட்டை மாடியில் உலர்த்த வழியில்லாமையால், கூடத்து ஜன்னல் கம்பியிலிருந்து சமையலறைக் கதவுவரை மூன்று கயிறுகள் கட்டப்பட்டிருந்தன. அவற்றில் தொங்கும் ஈரத்துணிகளுக்கு அடியில் குனிந்து குனிந்து நடந்து பழகியதில், கயிறே இல்லாத குளியலறைக்குள்ளும் அவள் குனிந்தே நுழையலானாள். ஒரு நாள் கண்ணாடியில் தன்னைக் கண்ட பின்னரே அது அவளுக்குத் தெரிந்தது.

வெளியே செல்ல வேண்டுமென்றால் முதலில் கயிற்றைப் பார்ப்பாள். உலர்ந்தவை மூன்று என்றால் முனைக்கடை வரை போய் வரலாம். ஐந்து என்றால் மருந்தகம். அதற்கு மேல் ஒரு நாளும் இருந்ததில்லை. மின்விசிறி இரவும் பகலும் சுழன்றது. சுவர்கள் வியர்த்தன. வீடு முழுவதும் வெந்நீரும் சோப்பும் கலந்த ஒரு மந்தமான வாடை நிலைத்துவிட்டது.

அவள் சோம்பி இருக்கத் தெரிந்தவள் அல்லள். எட்டு ஆண்டுகள் துணிப் பரிசோதனைக் கூடமொன்றில் பணியாற்றியவள். ஆலைகள் அனுப்பும் துண்டுகளும் மருத்துவமனை விரிப்புகளும் சாயம் போகின்றனவா, சுருங்குகின்றனவா, நீரை எவ்வளவு விரைவில் உறிஞ்சுகின்றன என்று சோதித்துச் சான்று எழுதுவது அவள் தொழில். ஜன்னலோரத்து மூன்றாம் மேசை அவளுடையது. வரும் திங்களன்று அவள் விடுப்பு முடிந்து பணிக்குத் திரும்ப வேண்டும். திரும்பாமல் விடுப்பை நீட்டித்தால், அவ்விடத்தில் இப்போது அமர்ந்திருக்கும் தற்காலிகப் பணியாளருக்கே மூன்றாம் மேசை போய்விடும்; நீட்டித்தவர் வேறு இடம் காலியாகும்வரை காத்திருக்க வேண்டும். அவ்வாறு காத்திருந்தவர்களில் திரும்பி வந்தவர் எவரையும் அவள் கண்டதில்லை.

குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமலில்லை. மாமனார் இருந்தார். மனைவியை இழந்தவர், தபால் பிரிக்கும் நிலையத்தில் நாற்பது ஆண்டுகள் நின்றபடியே வேலை செய்து ஓய்வு பெற்றவர். பேரனை அவர் பெயர் சொல்லி அழைத்ததே இல்லை. "பார்சல் வந்துடுச்சா? பார்சலை இப்படிக் கொடு" என்பார். தாமே பார்த்துக்கொள்வதாக முதலில் முன்வந்தவரும் அவர்தாம்.

கணவனும் உதவாதவன் அல்லன். லிஃப்ட் பழுதுபார்க்கும் மெக்கானிக். வாரத்தில் ஆறு நாளும் கிரீஸ் கையோடு திரும்புபவன். எனினும் ஞாயிற்றுக்கிழமைத் துவைப்பைத் தன் பொறுப்பாக எடுத்துக்கொண்டான். பதினெட்டில் ஆறு நாப்பிகளைத் தந்தைக்கென்றே தனியாகப் பிரித்தான். ஞாயிறுதோறும் அவற்றைத் தானே துவைத்து, உலர்த்தி, கோணாமல் மடித்து, மேலுறைக்குள் செருகி, எடுத்துக் கட்ட வேண்டியதுதான் என்னும் நிலையில் ஒரு நீலக் கூடையில் அடுக்கி வைப்பான். தந்தைக்கு மடிக்க வராது. எனவே இந்த ஏற்பாடு. மற்றப் பன்னிரண்டும் அவளுடைய புழக்கத்திற்கு.

வேலை திங்களன்று தொடங்குவதால் ஒத்திகையும் திங்களன்றே நடக்கட்டும் என்று மூவரும் கூடி முடிவு செய்தனர். முதல் திங்கள் காலை எட்டு மணிக்கு அவள் கிளம்பினாள். போவதற்கு இடமில்லை; ஆகவே பேருந்தில் ஏறிப் பரிசோதனைக் கூடத்தின் வாயில்வரை சென்று, எவ்வளவு நேரமாகிறதென்று பார்த்துக்கொண்டு, எதிர்ப்புற நிழற்குடையில் அமர்ந்தாள். ஒன்பதரைக்குத் தொலைபேசி ஒலித்தது. குழந்தை, படுக்கை, தலையணை, மாமனாரின் சட்டை எல்லாம் நனைந்துவிட்டன என்றும், கூடையில் மூன்றாவதையும் எடுத்தாயிற்று என்றும் அவர் மெல்லச் சொன்னார். இரண்டாம் திங்களும் அவ்வாறே. மூன்றாம் திங்கள் அவள் இன்னும் பேருந்தில் இருக்கும்போதே ஒலித்தது. நனைந்தவற்றைக் கணவன் அன்றிரவே துவைத்து, உலர்ந்ததும் கூடையில் மீண்டும் அடுக்கிவிடுவான். ஒவ்வொரு முறையும் குழந்தைக்குத் தொடையிடுக்கு சிவந்தது. புதன்வரை வலியில் துடித்து அழுதான். அவள் கையில் இருந்த மற்ற நாள்களில் தோல் ஆறிவிடும். ஒரு துளியும் கசியாது.

இதற்கு ஒரே பொருள்தான் இருக்க முடியும் என்று வீட்டில் எல்லோருக்கும் தோன்றிற்று. கீழ்வீட்டு அக்காவும் மாடிப்படியில் நிறுத்தி அதனையே சொன்னார்: தாய்க் கை பட்டால்தான் சில பிள்ளைகளுக்கு ஒத்துவரும் என்று. அது பாராட்டா விலங்கா என்று அவளுக்கு விளங்கவில்லை. இரண்டும் ஒன்றுதான் போலும்.

மாமனார் அதன்பின் குழந்தையைத் தாமாகக் கேட்டு வாங்குவதை நிறுத்திக்கொண்டார். பார்சல் என்று அழைப்பதும் குறைந்தது. ஜன்னலருகில் செய்தித்தாளை விரித்துக்கொண்டு, ஒரே பக்கத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருப்பார்.

புதன் மாலை கணவன் ஒரு கடிதத்தை எழுதிக்கொண்டு வந்தான். குழந்தையின் உடல்நிலை காரணமாக விடுப்பை மேலும் ஆறு மாதம் நீட்டித்துத் தருமாறு அவள் வேண்டுவதாக அது இருந்தது. அவன் எழுத்து எப்போதும் அழகாக இருக்கும்.

"யாரும் உன்னைக் குத்தம் சொல்லலை," என்றான். "அப்பாவால முடியல, பார்த்தாச்சு. எனக்கும் முடியாது. அவன் உன் கையிலதான் காயறான். அதுக்கு என்ன பண்ண முடியும், சொல்லு?"

"ஆறு மாசம் கழிச்சு அந்த மேசை இருக்காதுங்க."

"மேசைதானே. பிள்ளைக்குத் தோல் உரியுது."

தோல் உரிந்தது உண்மை. மூன்று திங்கள்களும் உண்மை. குழந்தையை இடத்தோளில் சாய்த்துக்கொண்டு வலக்கையால் கையெழுத்திட்டாள். அந்நேரம் பார்த்துக் குழந்தை உதைத்ததில் கையெழுத்தின் வால் கோணித் தாளின் ஓரம்வரை ஓடியது. அவன் அதனை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். பரிசோதனைக் கூடம் அவன் செல்லும் வழியில்தான் இருந்தது. மறுநாள் காலை ஒன்பதுக்கு வாயிலில் கொடுத்துவிட்டதாகத் தகவல் வந்தது.

அந்த வியாழக்கிழமை, விடாது பெய்த மழையின் ஆறாம் நாள். அவளுடைய பன்னிரண்டில் ஒன்பது கயிற்றில் ஈரமாகத் தொங்கின, மூன்றே உலர்ந்திருந்தன. அவற்றைச் சேமிக்க எண்ணி, முதன்முறையாக அவள் நீலக் கூடையிலிருந்து ஒன்றை எடுத்தாள். கட்டிலில் அதை விரித்து, அதன்மேல் குழந்தையைக் கிடத்தி, நாள்தோறும் கொடுக்கும் சொட்டு மருந்தை உறிஞ்சுகுழலில் எடுத்தாள். குழந்தை தலையைத் திருப்பினான். ஒரு சொட்டு, வாய்க்குள் போகாமல் துணியின்மேல் விழுந்தது.

விழுந்த சொட்டு அங்கேயே நின்றது.

துடைக்கப் போன கை பாதியில் நின்றுவிட்டது. சொட்டு உருண்டையாக, ஜன்னல் வெளிச்சத்தைத் தன்மேல் ஏந்திக்கொண்டு, தாமரை இலைத் தண்ணீர் போல் துணியின்மேல் அசைந்தது. எட்டு ஆண்டுகள் அவள் நாள்தோறும் செய்தது இதைத்தான். ஒரு விரல் உயரத்திலிருந்து துணியின்மேல் ஒரு துளியை விட வேண்டும். அதன் மினுமினுப்பு மறையும் நேரத்தைக் கணக்கிட வேண்டும். நல்ல துண்டென்றால் ஐந்து நொடிக்குள் துளி மறைந்துவிடும்.

மருந்து பிசுபிசுப்பானது, அதனை வைத்து முடிவு கூறலாகாது. குழந்தையைத் தொட்டிலில் இட்டுவிட்டு, உறிஞ்சுகுழலைக் கழுவித் தண்ணீர் எடுத்தாள். தன் நாப்பி ஒன்றை முதலில் விரித்தாள். துளி விழுந்தது, இரண்டு என்று எண்ணுமுன் மறைந்தது. நீலக் கூடைத் துணியில் விட்டாள். கைப்பேசியில் நொடிகள் ஓடின. முப்பது. அறுபது. தொண்ணூறிலும் துளி அசையாமல் அவளைப் பார்த்தது. மற்ற ஐந்தையும் விரித்துப் பார்த்தாள். ஆறும் ஒன்றுபோலவே இருந்தன.

பின்னர் ஒன்றை மூக்கருகே கொண்டுபோனாள். பூவாசம். கணவனின் வேலைச் சட்டைகளில் கிரீஸ் நாற்றம் போக அவன் ஊற்றும் நீலத் திரவத்தின் வாசம். துணியை மெதுமெதுவென்று ஆக்கும். ஆனால் இழைகளின்மேல் மெழுகுபோல் படிந்து, நீரை உள்ளே விடாது. துண்டுகளுக்கு அதைப் பயன்படுத்தலாகாது என்று அவளே எத்தனையோ சான்றுகளில் எழுதியிருக்கிறாள். மேசையில் வைத்து எவரேனும் கேட்டிருந்தால் அரை நொடியில் விடை சொல்லியிருப்பாள். வீட்டில் எவரும் கேட்கவில்லை. அவளும் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்ததுபோல், தாய்க் கை என்ற சொல்லை நம்பிக்கொண்டு இருந்துவிட்டாள்.

மாமனாரை அழைத்துக் காட்டினாள். அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, குனிந்து, துளியையே பார்த்தார். நீலக் கூடைத் துணி ஈரத்தை உறிஞ்சவே இல்லையென்றும், குழந்தை நனைத்ததெல்லாம் ஓரம் வழியாக வழிந்திருக்கிறதென்றும், சிவந்ததற்கும் அந்த வாசனையே காரணமாக இருக்கலாமென்றும் அவள் விளக்கினாள்.

"அப்ப என் கை இல்லையா?" என்றார்.

"இல்லை மாமா."

"நாப்பது வருஷம் ஊரார் கடிதத்தை நனையாம அனுப்பினேன்மா. சொந்தப் பேரனை ஒரு மணி நேரம் நனையாம வெச்சுக்கத் தெரியலையேன்னு..." மூக்கை உறிஞ்சிக்கொண்டு, அந்தத் துளியை விரலால் சுண்டினார். அது தெறித்துச் சுவரில் பட்டது. "சரி. கடிதம் எங்க இருக்கு இப்போ?"

"காலையில கொடுத்துட்டார்."

"கொடுத்த கடிதம் கொடுத்தவனுக்குச் சொந்தமில்லை. ஆனா பிரிக்கறதுக்கு முன்னாடி ஒரு பொழுது இருக்கு. நீ கிளம்பு."

அவள் கயிற்றைப் பார்த்தாள். பழக்கம். உலர்ந்தவை மூன்று, ஒன்றை இப்போது கட்டினால் மீதி இரண்டு. எடுத்து வைத்திருந்த பால் இரண்டு புட்டி. வெளியே மழை. முனைக்கடைக்கு மட்டுமே போதுமான கணக்கு அது. இவளோ பதினெட்டு நிறுத்தம் போக வேண்டும்.

"முடியாது மாமா. மழையில பஸ் எப்ப வருமோ."

"நான் கூப்பிட்டா பார்சல் நனைஞ்சிடுச்சுன்னு அர்த்தம். கூப்பிடலேன்னா பேசாம வேலையைப் பார்த்துட்டு வா," என்றார் அவர். பார்சல் என்ற சொல்லை அவர் வாயிலிருந்து கேட்டுச் சில நாளாகியிருந்தது. இரண்டு துணிகளையும் மூன்றாக மடித்துக் காட்டச் சொன்னார். தாமும் ஒருமுறை மடித்துப் பார்த்தார். கோணலாகத்தான் வந்தது. அவள் அதனைத் திருத்தாமல் விட்டாள்.

நீலக் கூடையிலிருந்து ஒரு நாப்பியைப் பையில் போட்டுக்கொண்டு பன்னிரண்டரைக்கு இறங்கினாள்.

பேருந்து ஊர்ந்தது. கைப்பேசியை உள்ளங்கையில் முகம் மேலாக வைத்துக்கொண்டிருந்தாள். கண்ணாடி ஜன்னல்கள் எல்லாம் மூடியிருந்தன. நனைந்த மனிதர்களின் மூச்சு உள்ளே அடைத்துக்கொண்டது. நான்கு மாதமாக அவள் சுவாசித்த அதே காற்று. ஒரு மணிக்குமேல் பால் கட்டி மார்பு கனக்கத் தொடங்கியது. எட்டாம் நிறுத்தத்தில் இறங்கித் திரும்பிவிடலாமா என்று எண்ணினாள். ஒன்பதாவதிலும் எண்ணினாள்.

பரிசோதனைக் கூடத்தின் தலைவி கழுத்தில் எந்நேரமும் ஒரு நிறுத்துக் கடிகாரத்தை மாட்டியிருப்பார். பணியாளர் அவரை மறைவில் நொடிமுள் என்பர். கடிதம் அவர் மேசைமேல் பிரித்தே கிடந்தது.

அதனைத் திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டுமென்று அவள் சொன்னதும், தலைவி அவளையும் அவள் காலடியில் தேங்கிய நீரையும் பார்த்தார். கடிதம் கொடுத்து ஐந்து மணி நேரம்கூட ஆகவில்லை, பதிவேட்டிலும் ஏறிவிட்டது, காரணமில்லாமல் எப்படி எடுப்பது என்று கேட்டார். குழந்தை, கணவன், மாமனார், தாய்க் கை, எங்கிருந்து தொடங்குவது? பையைத் திறந்து நாப்பியை எடுத்து, நேரே மூன்றாம் மேசைக்குச் சென்றாள். அங்கே அமர்ந்திருந்த தற்காலிகப் பணியாளர், இன்னும் முகத்தில் பள்ளிக்களை மாறாத பெண், தன்னிச்சையாக எழுந்து இடம் விட்டாள். துணியை வளையத்தில் இறுக்கி, குழலைத் திருகி, ஒரு துளி விட்டாள். பின்னால் நிறுத்துக் கடிகாரம் கிளிக்கென்று ஒலித்தது. தலைவிக்கு அது அனிச்சைச் செயல்.

ஒரு நிமிடம் கடந்தது. துளி நின்றது.

"என்ன கண்றாவி இது? எந்த மில்லு?" என்றார் தலைவி.

"எங்க வீட்டுக்காரர் மேடம். பிள்ளை நாப்பிக்கு வாசனைத் தண்ணி ஊத்தியிருக்கார்."

பணியாளப் பெண் பக்கென்று சிரித்துவிட்டாள். சிரித்த பின்னரே, அத்துளியால் பறிபோவது தன் இருக்கை என்பது அவளுக்கு விளங்கியது, முகம் சுருங்கியது. அவளை நிமிர்ந்து பார்க்க இவளால் இயலவில்லை.

தலைவி மேசைக்குத் திரும்பிக் கடிதத்தைக் கையில் எடுத்தார். "கையெழுத்து வால் கோணியிருக்கே. அப்பவே நினைச்சேன்," என்றார். கிழிப்பார் என்று அவள் எதிர்பார்த்தாள். அவர் கிழிக்கவில்லை. இழுப்பறையைத் திறந்து உள்ளே வைத்தார். "திங்கக்கிழமை எட்டரை. நீ வந்தா இது இங்கயே கிடக்கும். ஒரு நாள், ஒரே ஒரு நாள், பிள்ளை நனைஞ்சுதுன்னு போன் வந்து நீ ஓடினாலும், இது மேலே போயிடும். எனக்கு வேற வழியில்லம்மா."

அவள் தலையசைத்தாள். ஒரு கயிற்றிலிருந்து அவிழ்ந்து இன்னொன்றில் மாட்டிக்கொண்டதுபோல் இருந்தது. ஆனால் இது அவள் தானே நடந்து வந்து மாட்டிக்கொண்டது.

திரும்பும் பேருந்தில், பாலத்தின்மேல் வண்டிகள் நகராமல் நின்றபோது, கைப்பேசி ஒலித்தது. வீடு. இரண்டு முறை அழுத்திய பின்னரே அழைப்பு எடுபட்டது.

"பால் புட்டி மூடி எங்கேம்மா வெச்சே?" என்றார் மாமனார்.

"மாமா... அவன்?"

"யாரு, பார்சலா? காய்ஞ்சுதான் இருக்கான். ரெண்டாவது கட்டியிருக்கேன். மூடியைச் சொல்லு முதல்ல, கத்தறான்."

அவள் மூடி இருக்கும் இடத்தைச் சொன்னாள். அடுத்த இருக்கையில் இருந்தவர், அவள் அழுவதைக் கண்டு நாகரிகமாக ஜன்னல்பக்கம் திரும்பிக்கொண்டார். ஜன்னலில் மழையன்றி ஒன்றும் தெரியவில்லை.

வீடு சேர்ந்தபோது மணி நாலரை. மாமனார் நாற்காலியில் சாய்ந்திருக்க, குழந்தை அவர் மார்பின்மேல் கவிழ்ந்து உறங்கிக்கொண்டிருந்தான். நாப்பி கோணலாகத்தான் கட்டப்பட்டிருந்தது. ஒரு பொத்தான் தவறான துளையில் இருந்தது. அவள் முதலில் குழந்தையைத் தொடவில்லை. அவருடைய சட்டையைத் தொட்டுப் பார்த்தாள். உலர்ந்திருந்தது.

ஆறு மணிக்குக் கணவன் வந்தான். கட்டிலில் விரித்திருந்த துணியில் அவளே துளி விட்டுக் காட்டினாள். அவன் முதலில் நம்பவில்லை. பிறகு, வாசனைச் சோப்பு வேண்டாம் என்றுதானே மருத்துவர் சொன்னார், இது சோப்பு இல்லையே என்றான். மூன்றாவதாக, நின்ற இடத்திலேயே கட்டிலில் அமர்ந்துவிட்டான்.

"வாசமா இருக்கட்டுமேன்னுதான் ஊத்தினேன்," என்றான்.

"தெரியும்."

"கடிதம்?"

"மேடம் டிராயர்ல இருக்கு. திங்கக்கிழமை போகலேன்னா மேலே போயிடும்."

இனித் துணி விஷயத்தில் தான் தலையிடுவதில்லை என்றும், தெரியாமல் எதையாவது செய்து கெடுப்பானேன், அவளே துவைத்துக்கொள்வதுதான் நல்லது என்றும் தாழ்ந்த குரலில் கூறினான். வருத்தத்தோடுதான் கூறினான். ஆயினும் அவள் அதனைக் கேட்டதும் தலைக்குமேல் கயிறு ஒரு சாண் இறங்கியதுபோல் உணர்ந்தாள்.

"அது நடக்காதுங்க," என்றாள். "ஞாயித்துக்கிழமை நீங்கதான் துவைக்கணும். புதன்கிழமையும். அந்தப் பாட்டிலைத் தொடாம."

அவன் தந்தையைப் பார்த்தான். மாமனார் செய்தித்தாளிலிருந்து தலை தூக்கவில்லை. "லிஃப்ட்ல மாட்டினவன் போன் பண்ணா, நீயே ஏறி வந்துக்கோன்னா சொல்றே?" என்று தாளிடம் கேட்டார்.

கணவன் எழுந்தான். நீலக் கூடையிலிருந்த ஐந்தையும் அவள் பையிலிருந்த ஒன்றையும் வாளியில் போட்டு, கொதிநீர் ஊற்றினான். எத்தனை முறை அலசினால் அந்தப் படிவு போகும் என்று கேட்டான். மூன்று முறை, ஒவ்வொரு முறைக்குப் பின்னும் உலர்த்தித் துளி விட்டுப் பார்க்க வேண்டும் என்றாள். திங்களுக்குள் மழை விட்டால் ஆறும் சேரும். விடாவிட்டால் பன்னிரண்டை வைத்துத்தான் சமாளிக்க வேண்டும். அவள் மனத்துக்குள் கணக்கிட்டாள். எட்டரையிலிருந்து ஐந்துவரை, ஐந்து நாப்பி. வியர்த்த சுவர்களுக்கிடையில் மின்விசிறி சுழன்றுகொண்டிருந்தது.

"பாட்டில்ல பாதி மீதி இருக்கே, என்ன பண்றது?" என்று குளியலறையிலிருந்து அவன் குரல் கேட்டது.

"என் சட்டைக்கு ஊத்துடா," என்றார் மாமனார். "பார்சல் கசிஞ்சாலும் மேல ஒட்டாது."

முதல் நாப்பியைப் பிழிந்து கொண்டுவந்த கணவன், கயிற்றுக்கு அடியில் குனிய மறந்து, ஈரத்துணியில் நெற்றியை இடித்துக்கொண்டான். அவள் சிரிக்கவில்லை. அவன் கையிலிருந்து அதனை வாங்காமல், கயிற்றில் எந்த இடம் காலி என்று மட்டும் காட்டினாள்.